வட்டத்தில் ஒரு கை

அண்ணா,

மெதடிஸ்ட் வாலிபர் கூடுகையின் பழைய படங்களை ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். ஆண்டுவிழாவுக்கு மாட்டும் முன் நம் அக்காவை மட்டும் அழித்துவிடச் சொல்லியிருந்தாய். சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவள் சுவரில் தொங்கினால், வாலிபர் சங்கச் செயலாளரான உனக்குத் தலைகுனிவாம்.

அழிப்பது கால் மணி நேர வேலை. ஆனால் முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்கிற படத்தில், அவள் கையைப் பிடித்திருப்பவன் நீ. அவளை எடுத்தால் உன் கை அந்தரத்தில் தொங்கும். அங்கே யார் கையை ஒட்டட்டும்? போதகர் கையையா?

நேற்று அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அன்னைக்கு ஒரே இடி மழைடா. ஜெபம் முடிஞ்சும் உங்கண்ணன் கையை விடவே இல்ல. எனக்கு விரலே மரத்துப்போச்சு."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சுவத்துல நான் இருப்பேன்ல?" என்று கேட்டாள்.

"இருப்பக்கா" என்று சொல்லிவிட்டேன்.

படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, ஆலய வாசலில் நானே மாட்டிவிட்டேன். அந்தக் கையை விட வேண்டுமென்றால், கத்தரிக்கோலோடு வந்து எல்லோர் முன்னாலும் நீயே வெட்டிக்கொள்.

இப்படிக்கு,
இனி உன் வேலை எதையும் செய்யாத
உன் தம்பி