பின்னத்தோடு நின்ற புத்தகங்கள்

பிப்ரவரி 9

இன்றும் மூன்று போன். மூன்று பேருக்கும் ஒரே கேள்வி: "மார்லா, கணக்குக்கு எந்தப் புத்தகம் நல்லா இருக்கும்?" பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கும் எங்கள் குழுவில் பத்தொன்பது குடும்பங்கள். கணக்கு என்றாலே எல்லாரும் என்னைக் கைகாட்டிவிடுகிறார்கள். பட்டியல் போடுகிறவள் நான்தானே — எது மெதுவாகப் போகும், எதில் வீடியோ உண்டு, எது நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், எதற்கு விடைப்புத்தகம் தனியாக வாங்க வேண்டும். பட்டியல் பதினொரு பக்கமாகிவிட்டது.

நேற்று வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. என் மகள் திர்சாவுக்கு இது ஐந்தாவது கணக்குப் புத்தகம். பன்னிரண்டு வயது, இன்னும் பின்னத்திலேயே நிற்கிறாள். நான் ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

பிப்ரவரி 12

புதுப் புத்தகத்தோடு வந்த நிலைத் தேர்வை எழுத வைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. போன நான்கும் அதையேதான் சொல்லின. முதல் ஆறு பாடம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பின்னே, எத்தனை தடவை!

பிப்ரவரி 26

என் கணவன் க்ளின்ட் பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"மே மாசம் வீட்டுப் படிப்பைச் சோதிக்க மதிப்பீட்டம்மா வரப்பவும் கணக்கு இப்படியே இருந்தா, ஆகஸ்ட்ல ஸ்கூல்ல சேத்துடலாம் மார்லா. நீ படுற பாட்டைப் பாக்க முடியல."

"நான் படுற பாட்டுக்காகவா? இல்ல, நான் லாயக்கில்லைங்கிறியா?"

அவன் போய்ச் சூப்பைச் சூடாக்கிக் குடித்தான்.

ஆறு வருஷம். அவளை அனுப்பிவிட்டு இந்த மேசையில் உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன்? உண்மையான பயம் இதுதான். எழுதியாகிவிட்டது.

மார்ச் 5

ஏழாம் பாடம். எட்டை அரையால் வகுக்க வேண்டும்.

"வகுத்தா குறையணும்தானேம்மா? எட்டு எப்படிப் பதினாறு ஆகும்?"

"கீழ இருக்கறதை மேல திருப்பிப் போட்டுப் பெருக்குடி. அதான் விதி."

"ஏன்?"

"ஏன்னா? அப்படித்தான்!"

பென்சிலை வைத்துவிட்டு அழுதாள். நான் கணினியைத் திறந்து வேறு புத்தகம் தேடினேன். ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் படம் போட்டு விளக்குகிறார்களாம்.

மார்ச் 6

ஒரே சலிப்பு. துணி மடிக்கவில்லை. முட்டையும் தீர்ந்துவிட்டது.

மார்ச் 21

தேவாலயக் கூடத்தில் குழுவின் பழைய புத்தக விற்பனை. திர்சாவின் பழைய கணக்குப் புத்தகங்கள் நான்கையும் மேசையில் பரப்பினேன். வழக்கம்போல் பென்சில் எழுத்தையெல்லாம் அழித்துத்தான் கொண்டுபோனேன். ஆனாலும் தடம் போகவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த கேண்டிஸ், இடுப்பில் குழந்தையோடு நின்று நான்கையும் புரட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, நாலும் ஒரே எடத்துல நிக்குது? பின்ன வகுத்தல் வரைக்கும் அழிச்ச தடம். அதுக்கப்புறம் ஒரு கீறல் இல்ல. நின்னது பொண்ணா, நீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், பாவம். விற்கவில்லை என்று சொல்லி நான்கையும் வாரிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். முகம் எரிந்தது.

காரிலேயே அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். விடை வருகிறது. ஏன் வருகிறது? தெரியவில்லை. நாற்பத்தோரு வயசாச்சு, தெரியல! அவள் "ஏன்" என்று கேட்டபோதெல்லாம் நான்தான் ஓடியிருக்கிறேன். ஓடிப்போய்ப் புதுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு மண்டையில் ஏறவில்லை என்று நானே நம்பினேன், அவளையும் நம்ப வைத்தேன்.

மார்ச் 23

சொல்லிவிட்டேன்.

"திர்சா, அது ஏன் கூடுதுன்னு எனக்கும் தெரியாதுடி."

"சும்மா சொல்ற."

"சத்தியமா."

புத்தகத்தை மூடி வைத்தாள். "அப்ப எதுக்குப் புதுசு புதுசா வாங்கின? பெட்டி வந்தாலே மறுபடியும் நான் தோத்துட்டேன் போலன்னு நெனச்சுக்குவேன்."

இரண்டு வருஷமாக வாசலில் பெட்டி வந்து இறங்கும்போதெல்லாம் அவள் ஏன் மாடிக்குப் போய்விடுவாள் என்று இப்போதுதான் தெரிகிறது. மன்னிப்புக் கேட்டேன். "சரி விடும்மா" என்றாள். என்னால் விட முடியவில்லை.

மார்ச் 24

ஐந்தில் எது வேண்டும் என்று அவளையே கேட்டேன். அட்டை கிழிந்த முதல் புத்தகத்தை எடுத்தாள். சூப்பில் போடும் உப்பு பிஸ்கட் எட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உடைத்தோம், தின்றோம், மறுபடி எண்ணினோம். ஒரு மணி நேரம் கழித்து அவள்தான் கத்தினாள்:

"எட்டுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதானேம்மா கேக்குறாங்க! பதினாறு வராம வேறென்ன வரும்?"

அட! இவ்வளவுதானா? பள்ளியில் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

மார்ச் 27

ஆறை முக்காலால் வகுத்தால் எட்டு. ஏன் என்று பிடிபட மூன்று நாள் ஆயிற்று. தலைவலி.

ஏப்ரல் 17

இன்று ஒரே ஒரு கணக்கு. இருவரும் தனித்தனியாகப் போட்டோம். இருவருமே தப்பு.

மே 28

மதிப்பீட்டாளர் ரோண்டா வந்தார். திர்சாவோடு ஒரு மணி நேரம் பேசினார். வீட்டுப் படிப்பு சரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் கணக்கில் ஒரு வருஷம் பின்னால் இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறார். பொய்யில்லையே.

க்ளின்ட் அதைப் படித்துவிட்டு மகளைப் பார்த்தான். "நீயே சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

வீட்டிலேயே இருக்கிறேன் என்பாள் என்று நினைத்தேன். நிச்சயமாக நினைத்தேன்.

"ஸ்கூலுக்குப் போறேன்ப்பா. முன்னாடி பயமா இருந்துச்சு, நான் மக்குன்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு. இப்ப இல்ல."

நல்ல பதில்தான். வேறென்ன வேண்டும் எனக்கு? பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கோபமா? ஆமாம், கோபம்தான். ஆறு வருஷம்.

ஜூன் 3

பட்டியலை இனி கேண்டிஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். "ஐயோ, எனக்கென்னங்க தெரியும்?" என்றாள். சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 26

பஸ் ஏழு பத்துக்கு வந்தது. க்ளின்ட் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தான். திர்சா அழவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காதது நான்தான். பஸ் படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கி ஓடி வந்தாள், டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க.

"அம்மா, சனிக்கிழமை நாம சதவீதம் ஆரம்பிக்கிறோம். நான் இல்லாதப்ப நீ மட்டும் தனியாப் படிச்சு வச்சிடாத, என்ன?"

"படிக்க மாட்டேன்டி, ஓடு" என்றேன்.