தொப்பிக்குள் பனிக்கட்டி

பிப்ரவரி 5, திங்கள்

என் மூன்றாம் வகுப்பின் ஜன்னலோர மேஜைக்குத் தலைமையாசிரியை வைத்திருக்கும் பெயர் குப்பைமேடு. காந்தம், பூதக்கண்ணாடி, கூழாங்கல், ஓடாத கடிகாரம் என்று பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்று வந்து சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமையோட இதைக் காலி பண்ணிடுங்க டீச்சர். பாடம் பாதிகூட முடியல. சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது."

அதோடு போயிருக்கலாம். முன் பெஞ்சிலிருந்து எங்கள் 'ஏன் மகாராணி' எழுந்து, "ஏன் மேடம்?" என்றாள். எதற்கும் அப்படிக் கேட்பவள். பட்டப்பெயரே அதனால் வந்ததுதான்.

"பெரியவங்க பேசும்போது என்ன ஏன்? உக்காரு!"

உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போனது. நான் என்ன செய்தேன்? மரம் மாதிரி நின்றேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று அவள் ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

இன்றும் வாய் திறக்கவில்லை. மேஜை போனால் போகட்டும், இந்தப் பெண் இப்படியே ஊமையாகிவிட்டால்?

நாளை கடைசியாக ஒன்று செய்யப்போகிறேன். இரண்டு கிண்ணங்களில் பனிக்கட்டி. ஒன்று சும்மா இருக்கும், மற்றது கம்பளித் தொப்பிக்குள். எது முதலில் கரையும்?

வீட்டுக்காரரிடம் தொப்பி கேட்டேன். "என் தொப்பியில ஐஸா? உனக்கு என்ன ஆச்சு?" என்றவர், கொடுக்கும்போது, "தொப்பிக்குள்ள இருக்கறதுதான் முதல்ல கரையும். கம்பளி சூடாச்சே" என்றார். பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

வகுப்பே தொப்பிக்குக் கை தூக்கியது. மகாராணி மட்டும் எதற்கும் தூக்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். வாயாடி ஒருத்தி, "மேடம், நீங்களும் சொல்லுங்க!" என்றாள்.

"இதுல என்ன சந்தேகம்? கம்பளி சூடு. தொப்பியில இருக்கறதுதான் முதல்ல கரையும்." சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றார். கணக்குப் பாடம் முடிகிறவரை நகரவில்லை.

பிறகு பார்த்தோம். சும்மா இருந்த கிண்ணத்தில் வெறும் தண்ணீர். தொப்பியைத் திறந்தால் கட்டி முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. "ஐயையோ, மேடம் தப்பு!" என்று யாரோ கத்த, வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியை விடுவிடுவென்று போய்விட்டார்.

போச்சு. எல்லாம் போச்சு. எனக்கு இது தேவையா? சாயங்காலம் மேஜையில் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு, இருந்த கோபத்தையெல்லாம் முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். அழுகையாக வந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

தொப்பி இன்னும் காயவில்லை. குளிரில் காது சிவக்கக் காய் வாங்கி வந்த வீட்டுக்காரர், "என் காது போனா போகட்டும், அறிவியல் வளரட்டும்" என்றார். இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மணியடிக்கும் முன்பே தலைமையாசிரியை முன் பெஞ்சில், மகாராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முட்டி இடிக்க இடிக்க.

"நேத்து வீட்டுல செஞ்சு பாத்தேன். நம்பல. மறுபடி செஞ்சேன். இந்தச் சால்வைக்குள்ள ஐஸ் கரைய மாட்டேங்குது. ஆனா இதைப் போத்தினா எனக்குச் சூடா இருக்கே, ஏன்?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

மகாராணி சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் கையையும் தொட்டுப் பார்த்தாள்.

"சூடு உங்களோடது மேடம். சால்வை அதை வெளிய விடல, அவ்வளவுதான். ஐஸ்கிட்ட ஏது சூடு? அதுக்கு வெளிச் சூட்டை உள்ள விடல."

தலைமையாசிரியை தன் சால்வையைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியை ஏன் இன்னும் பிரிக்கல?" என்றார்.

பிரிக்கப் போனால் முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் எடுத்துவர அவரே எழுந்து ஓடினார்.

"மேடம் ஏன் ஓடறாங்க?" என்று கேட்டாள் மகாராணி.