நெஞ்சுக்குள் ஊதும் சத்தம்

ஐப்பசி 12, புதன்

லீவுக்கு வந்த பேத்தி கயல், காலேஜில் தான் செய்த கருவியை என் நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தாள். துடிப்புக்கு நடுவே காற்று ஊதுவது போல ஒரு சத்தம் கேட்டதாம்.

"தாலி உரசுது அப்பத்தா. கழட்டி வையி."

"ஒங்க தாத்தா குத்துக்கல்லாட்டம் வாசல்ல உக்காந்திருக்காரு, கழட்டச் சொல்றியாடி?"

தாலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். திரும்பவும் பதிவு செய்தாள். சத்தம் போகவில்லை. பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

"மெஷின்தான் தப்பா இருக்கும் அப்பத்தா."

"நீ செஞ்சது தப்பாது. நாளைக்கு மதுரைக்கு ஸ்கேன் எடுக்க வாரேன்."

இதயத்தில் கோளாறு இருந்தால் எனக்குப் பயம்தான். இல்லையென்றால் அவள் கருவி தோற்றுவிடும். சாமியிடம் எதைக் கேட்பதென்று தெரியாமல் விபூதி மட்டும் பூசிக்கொண்டு வந்து படுத்திருக்கிறேன்.