வளைகாப்பு வேன் நாவலூருக்குத் திரும்பிய கதை

திருப்போரூர்
26.3.2006

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு உன் சித்தப்பா நரசிம்மன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, இரண்டு எருமைகள் எல்லோரும் சௌக்கியம், எருமைகள் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். ஷார்ஜா வெயிலில் நீயும் அப்படியே இருக்கக் கந்தசாமியை வேண்டிக்கொண்டு, ஒருத்தனும் நம்ப முடியாத கதை ஒன்றை அவன் வேல்மீது ஆணையாக இப்போது ஆரம்பிக்கிறேன். போனில் சொன்னால் நடுநடுவே ஹலோ கேக்குதா என்று கதையைக் கெடுப்பாய், அதனால்தான் கடிதம்.

புள்ளத்தாச்சி வேலை தேடிகினு அலைஞ்சா ஊரு சிரிக்காதா, நீங்க இன்னா பண்ணிகினு கீறீங்க சித்தப்பா என்று எழுதியிருந்தாய். நான் சும்மா இல்லையப்பா, யோசனை கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி வசுமதியின் வயிற்றைப் பார்த்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்ற இரண்டு கம்பெனிக்காரர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது, நாவலூரில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. இண்டர்வியூ இருபதாம் தேதி திங்கட்கிழமை என்று இருந்தது. கூடாரம் மாதிரி ஒரு சுடிதார் தைத்து, துப்பட்டாவை மூன்று மடிப்பாக விட்டுக்கொள், ஏழு மாசம் என்று மூச்சு விடாதே என்று அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முழங்கை வரை கண்ணாடி வளையல், பூ தைத்த ஜடை, கன்னத்தில் சந்தனம், ஐந்து வகைக் கட்டுச்சாதம் என்று எல்லாம் முடிந்து, ஆரத்தி எடுத்து, படாளத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு வேனில் கிளம்பினோம். நாற்பத்து மூன்று பேர். தெருமுனை தாண்டவில்லை, வசுமதியின் செல் அடித்தது, நாவலூர் கம்பெனி. ஆபீசர் நாளை வெளியூர் போகிறார், இன்றைக்கே மூன்று மணிக்கு வா என்றார்கள். சுடிதாரோ வீட்டுப் பெட்டியில். எடுத்துவர வண்டியைத் திருப்பு என்றேன். உன் சித்தி செங்கம்மாள் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். ஆரத்தி எடுத்து அனுப்பின புள்ளத்தாச்சி பெத்துக்காம திரும்பி வூட்டுக்குள்ள கால் வெக்கிறதாவது, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்பூடுச்சா என்றாள். நான் மட்டும் இறங்கி ஓடுகிறேன் என்றேன், அதுவும் சகுனத் தடையாம். வளையலையாவது கழற்று என்றேன். வேனே சேர்ந்து கத்தியது, பிரசவத்துக்கு முன்னால் கழற்றக் கூடாதாம். ஆக, ஏழு மாசத்தை மறைக்கப் போட்ட என் மகா திட்டம், பட்டுப்புடவை கட்டி மேளம் இல்லாத குறையாக நாவலூரில் போய் இறங்கியது.

வாட்ச்மேன் நோட்டில் வந்த காரியம் என்ற இடத்தில் வளைகாப்பு என்று நாற்பத்து மூன்று முறை எழுதினான். உள்ளே எங்களையும் வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்து உட்கார வைத்து, கூடிப் பேசுகிற பரீட்சைக்கு உன் சித்தியை அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் இருபது நிமிஷம் பேசினாள், மற்றவர்கள் அழுதார்கள், அவளைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். எருமைக்குத் தண்ணி காட்டறது யாரு என்று வந்துவிட்டாள். வசுமதி டைப் அடிக்க ஆரம்பித்தாள் பார், எழுத்துக்கு எழுத்து வளையல் கலகல என்று பதினேழு கம்ப்யூட்டர் நின்றுபோயின. மாமல்லபுரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கோயில் மணி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

ஆபீசர் ஷபானா என்கிற பெண், சின்ன வயசு. அவளைப் பார்த்ததும் உன் சித்தி, இன்னாம்மா, இம்மாம் பெரிய ஆபீசரு, கை மொட்டையா கீது என்று ஒரு டஜன் பச்சை வளையல் மாட்டி, புளிச்சோறும் கொடுத்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, இந்த நேரத்தில் எதற்கம்மா வேலை என்று ஷபானா கேட்டாள். வசுமதி ஒரு பதில் சொன்னாள். ஏசி மெஷின் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விட்டது. மேலதிகாரிகள் அமெரிக்காவிலிருந்து விமானம் பிடித்து வந்து, நீ பெற்றுக்கொண்டு வா தாயே, நாற்காலியில் வேறு ஆள் உட்கார விடமாட்டோம் என்று காலில் விழுந்தார்கள்.

ஊர் சிரிக்குமா என்று கேட்டாயே, சிரித்தது. நாவலூர் முதல் படாளம் வரை வேனுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உன் சம்மதம் தெரியாமல் வசுமதி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நல்லா இரு மகனே, உன் பிள்ளை உன் உயரமும் அவள் தைரியமும் வாங்கி வரட்டும். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டு. ஞாயிற்றுக்கிழமை படாளத்துக்குப் போன் போடு. முதல் வார்த்தை நல்லதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொய்யே பேசி அறியாத உன் சித்தப்பா,
நரசிம்மன்

பி.கு. பதினேழு கம்ப்யூட்டரும் அமெரிக்கா விமானமும் என் சொந்தச் சரக்கு, வேனில் எத்தனை பேர் என்பதை உன் இஷ்டத்துக்குக் கழித்துக்கொள். ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை நிஜம். ஷபானா கேட்டதற்கு வசுமதி சொன்னது இதுதான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: நான் சம்பாரிக்க ஆரம்பிச்சா அவரு ஷார்ஜாவ வுட்டு வந்துடலாம் மேடம், எம்புள்ள அப்பாவ போட்டோவுல பார்த்து வளரக் கூடாது. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொல்லி வசுமதிக்கு வந்த ஆர்டரின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. என்னை நம்பாவிட்டாலும் அதை நம்பு.