நுனி நாக்கில் உப்பு

உன் மகள் கீழக்கரையிலிருந்து தொதல் அனுப்பியிருக்கிறாள். டப்பாவைத் திறந்ததும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து சுண்டிய மணம் அறை முழுக்கப் பரவியது. நீ போன பிறகு உன் வீட்டிலிருந்து வரும் முதல் இனிப்பு. ஒரு துண்டை எடுத்தவுடன் உன் குரல் கேட்டது: "நுனி நாக்குல வச்சுத் தின்னுடி. ஒனக்கு அங்கன மட்டுந்தானே இனிக்கும்?"

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீ செய்துவந்த கேலி. ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ராமநாதபுரத்தில் நாம் படித்த கான்வென்ட்டின் அறிவியல் அறையில் ஒரு நாக்குப் படம் தொங்கும். நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், தொண்டைப் பக்கம் கசப்பு. அன்று முதலில் கண்ணுக்கான சோதனை. காகிதத்தில் இடப்புறம் ஒரு பெருக்கல் குறி, வலப்புறம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடி, குறியையே பார்த்தபடி காகிதத்தை மெல்ல அருகே கொண்டுவந்தோம். ஓரிடத்தில் புள்ளி மறைந்தது. அங்கே ஓட்டை எதுவும் தெரியவில்லை. வெறும் வெள்ளைக் காகிதம்தான். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்துக்குப் பார்வை கிடையாது, அந்தக் குறையைச் சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு மூளையே நிரப்பிவிடும் என்றார் சிஸ்டர்.

"பாக்காததையும் பாத்தேன்னு சாதிக்குதுடி இந்தக் கண்ணு," என்று என் காதோடு சொன்னாய்.

அடுத்து நாக்கு. உப்புநீரில் தோய்த்த பஞ்சை நுனியில் வைத்தோம். நீ எழுந்து, "நுனியிலயும் கரிக்குது, சிஸ்டர்," என்றாய்.

"கடக்கரைப் பிள்ளைக்கு நாக்கு முழுக்க உப்புதான்," என்றது பின் பெஞ்சு. வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் கரித்தது. நன்றாகவே கரித்தது. ஆனால் அந்த ஆண்டு அறிவியல் பரிசு எனக்குத்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள், நானும்தான். "நுனியில் ஒன்றும் தெரியவில்லை, சிஸ்டர்," என்றேன்.

மணி அடிக்கும்வரை நீ பெஞ்சின் மேல் நின்றாய். குனிந்து ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாய்.

பரிசு எனக்கே கிடைத்தது. நீயும் எனக்குத் தோழியாகவே இருந்தாய். என் கணவர் இறந்த அன்று என் வாசலில் முதலில் வந்து நின்றவள் நீ.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது இதைச் சொல்லிவிடத்தான். மருந்து உன் நாக்கைக் கெடுத்திருந்தது. நான் ஊட்டிய தொதலைச் சற்று நேரம் வாயில் வைத்திருந்தாய். "எங்கனயும் இனிக்கலடி. இதை எந்தப் படத்துல போட?" என்று சிரித்தாய். நானும் சிரித்து, உன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மருத்துவம் படிக்கும் என் பேத்தி சொல்கிறாள்: "அந்தப் படமே தப்பு அப்பத்தா. சுவை மொட்டு இருக்கிற எல்லா இடத்துலயும் எல்லாச் சுவையும் தெரியும்." எனக்கு அது புதுச் செய்தி இல்லை. கண் தன் குறையை அறியாமல் நிரப்பிக்கொள்கிறது. நான் அறிந்தே நிரப்பினேன்.

சற்று முன் உன் மகளை அழைத்தேன்.

"தொதல் எப்படி இருக்கு பெரியம்மா? அம்மா பக்குவம் வந்துருக்கா?"

"வந்துருக்கும்மா. அன்னைக்கு உப்பைப் பத்தி ஒங்கம்மா சொன்னதுதான் சரி. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கேட்டாள்: "எந்த உப்பு, பெரியம்மா?"

பெற்ற மகளிடம்கூட நீ சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ பெஞ்சின் மேல் நின்றதையும், நான் கீழே உட்கார்ந்திருந்ததையும்.

இதை எழுதும்போது என் நுனி நாக்கில் ஓர் உப்புக்கல் இருக்கிறது. கரிக்குதுடி.