நான் எழுதிய நான்கு சோதனைகள்

மார்ச் 8, ஞாயிறு

மகளின் வேதியியல் செய்முறை நோட்டில் மீதியிருந்த நான்கு சோதனைகளை இன்று மதியம் நானே எழுதி முடித்தேன். அவள் கேட்கவில்லை. நாளை ஒப்படைக்க வேண்டிய நோட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். பக்கத்தில் தாளில் அளவுகளைக் குறித்து வைத்திருந்தாள், பார்த்து எழுதுவதுதானே? எழுத்துப் பழக்கியவள் நான். இருவர் எழுத்தும் ஒரே அச்சு.

எழுந்து பார்த்தாள். பையில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வேதியியல் டீச்சர் நோட்டை விரித்து என் பக்கம் திருப்பினார். ஒன்பதாவது சோதனை. கரைசலின் அளவு: “24.6 மில்லி லிட்டர் மட்டும்.” அடுத்ததிலும் ‘மட்டும்’. நான்கிலும். ஒவ்வொன்றின் கீழும் இரட்டைக் கோடு வேறு. இருபது வருடம் பில் போட்ட கை! எனக்கே தெரியாமல் போட்டிருக்கிறது.

“நீங்க என்ன வியாபாரம்மா?”

“பூட்டு, கீல், தாழ்ப்பாள்.”

“அதான் பார்த்தேன்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு சோதனைகளையும் புது நோட்டில் அவள் கையால் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வியாழக்கிழமை செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. அதில் உட்காராவிட்டால் வேதியியலே போச்சு. அவள் ஆசைப்படும் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது.

“எட்டு அவ எழுதினதுதானே டீச்சர்? அந்த நாலை மாத்தினாப் போதாதா?”

“இது உங்க கடை இல்லம்மா.”

மகள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டியில் வரும்போதுதான் வாய் திறந்தாள்.

“நான் உன்கிட்ட கேட்டேனா?”

“நீ தூங்கிட்டே.”

“எழுப்பியிருக்கலாம்ல?”

“நீயும் பாத்துட்டுத்தானே கொடுத்தே?”

“எங்க முழுசாப் பாத்தேன்? வேணாம்னா உன் மூஞ்சி தொங்கிடும். அதான் அப்படியே கொடுத்தேன்.”

மார்ச் 12, வியாழன்

இரண்டு முடித்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் அப்பா சொன்னார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் சாப்பிட்டது அத்தனையும் வாந்தி. நகங்களைச் சதை தெரியக் கடித்து வைத்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் அடித்தல் விழுந்ததென்று அந்தச் சோதனை முழுவதையும் கிழித்துப் போட்டாள். கிழிக்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

அரை மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்தேன். பால் கொண்டுபோனேன். எத்தனை ஆச்சு என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்த அவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

“முதலாளியம்மா, வீட்லயும் கல்லாவுல உக்காந்தா எப்படி? கொஞ்சம் விடேன்.”

விடுவதாம். விட்டால் யார் பார்ப்பது, இவரா? எரிந்து விழுந்தேன். ஆனால் அதற்குப் பிறகு போகவில்லை.

மார்ச் 14, சனி

மதியம் அவளே என்னைத் தேடி வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“எட்டு முடிஞ்சுதும்மா. மீதி நாலை நீ எழுதிக் கொடு. இந்தத் தடவை ‘மட்டும்’ போடாம எழுது. யாருக்கும் தெரியாது.”

கை பரபரத்தது. கடையில் எவராவது பூட்டைத் திறக்கத் தெரியாமல் திணறினால் பிடுங்கித் திறந்து காட்டுகிறவள் நான். உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. கண்டுபிடிக்கவும் முடியாது, அவ்வளவு கவனமாகச் செய்வேன்.

“மாட்டேன்” என்றேன்.

“கேக்காதப்ப செய்வே, கேட்டா மாட்டியா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. இரண்டு தாழ்ப்பாளும் விழுந்தன. நம் கடைச் சரக்கு; வெளியிலிருந்து திறக்க முடியாது.

அவளுக்காகத்தான் மறுத்தேனா? இல்லை, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த டீச்சர் முன்னால் நிற்கப் பயந்தா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. திங்கட்கிழமை அவளால் முடியாமல் போனால்? அதற்கும் நான்தானே—

மார்ச் 15, ஞாயிறு

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

“எதிர்ல உக்காரு. பழைய நோட்டைப் பாத்து அளவை வாசி. பேனாவைத் தொடாதே.”

கடையைத் திறக்கவில்லை. அவர் மணிக்கட்டில் துணி சுற்றிவிட்டுப் போனார். நான் வாசித்தேன், அவள் எழுதினாள். ஒன்றுக்கு மூன்று மணி நேரம், கைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து. இடையில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாள். சொல்ல வாயெடுத்தேன், அடக்கினேன். இரண்டு வரி தாண்டி அவளே பிடித்தாள்.

“பாத்துட்டுத்தானே இருந்தே?”

“ம்.”

ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதினாள். இந்தத் தடவை பக்கத்தைக் கிழிக்கவில்லை. இருட்டுவதற்குள் மூன்று முடிந்தது. ஒன்று மிச்சம். மணிக்கட்டு வலிக்கிறது, காலையில் எழுதுகிறேன் என்றாள். காலையிலா! ஐந்து மணிக்கு எழுப்பட்டுமா என்று கேட்டேன். அலாரம் வைத்துக்கொள்கிறாளாம்.

மார்ச் 16, திங்கள்

ஐந்துக்கு அலாரம் அடித்தது. நான் நாலரைக்கே விழித்துப் படுக்கையிலேயே கிடந்தேன். பத்து நிமிடம் அடித்தது. நான் எழுந்து போகவில்லை. நின்றது.

பன்னிரண்டும் கொடுத்துவிட்டாள். கடைசிச் சோதனையில் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்ததாம். டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். வியாழக்கிழமை உட்காரலாம்.

சாப்பிடும்போது மீதித் தேர்வுகளுக்குப் பேசி முடித்தோம். கூப்பிட்டால் போய் எதிரில் உட்காருவேன். எழுதித் தர மாட்டேன், அவளே கேட்டாலும். எத்தனை ஆச்சு என்ற பேச்சே கூடாது. பதிலுக்கு, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். பதினொன்று கேட்டாள். பத்தரைக்கு முடிந்தது.