பூங்காவனத்துக்கு எந்த வாயு?

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஓ.பி.யில் கொரட்டூர் பூங்காவனம். நூற்று நாற்பத்தாறு கிலோ. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் நான் ஒருமுறை பார்க்கட்டும் என்று சர்ஜன் பரத் அனுப்பியிருந்தார். நாற்காலியின் கைப்பிடி இடிக்கும் என்று பூங்காவனம் நின்றபடியே பேசினார்.

“கத்திக்குப் பயமில்ல டாக்டரம்மா. மயக்கத்துக்குத்தான். போன வாட்டி வேற ஆஸ்பத்திரில பித்தப்பைக் கல்லு எடுத்தப்ப, மூணு நாளு மூச்சு மிஷின்லயே கெடந்தேன்.”

கணவர் தேவராஜ், ஆவடி தொழிற்சாலை ஊழியர், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்த வாட்டி எயுந்துக்குமா?”

எழுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 5, வியாழன்

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தேன். போன முறை கொடுத்தது ஐசோஃப்ளூரேன். நல்ல வாயுதான். ஆனால் நேரம் ஆக ஆகக் கொழுப்பில் போய்த் தங்கும். நிறுத்திய பிறகும் அங்கிருந்து கசிந்து வந்து அரைத் தூக்கத்திலேயே வைத்திருக்கும். பூங்காவனம்போலக் குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு அந்த அரைத் தூக்கம்தான் ஆபத்து.

டெஸ்ஃப்ளூரேன் என்றால் சட்டென்று வெளியேறிவிடும். அதைக் கொடுக்கும் கருவி எங்கள் தியேட்டரில் இல்லை.

“இருக்கறத வெச்சுப் பண்ணலாமே, ஷாகிதா?” என்றார் பரத்.

“அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க.”

நானா பேசினேன்! சாயந்திரம் அவரே போனில் கூப்பிட்டார்: கருவி வருகிறது.

ஜூன் 7, சனி

பெருநாள். பிரியாணியை முன்னால் வைத்துக்கொண்டு வாயுவைப் பற்றியே பேசினேனாம். ஜமீர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். என்னைக் கட்டிக்கொண்டவர், சிரிக்கட்டும்.

ஜூன் 11, புதன்

நாளை ஆபரேஷன். வார்டில் பூங்காவனத்தின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மூச்சில் விசில். மெல்லிசாக, ஆனால் விசில்தான்.

“தாளிக்கிற பொகைக்கு இப்டித்தான் இஸ்துக்கும். அப்பால தானா சரியாப்பூடும். இத்தையெல்லாமா சொல்வாங்க?”

ஆஸ்துமா. டெஸ்ஃப்ளூரேன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். இவருக்குக் கூடாது.

சண்டை போட்டு வரவழைத்தது நான். இப்போது நானே வேண்டாம் என்பதா? பரத் என்ன நினைப்பார் — நினைக்கட்டுமே. என் கௌரவத்துக்கா மயக்கம் கொடுக்கிறேன்?

நேராகப் போய்ச் சொன்னேன்: ஒரு வாரம் தள்ளுங்கள், மூச்சு மருந்து கொடுத்து விசிலை அடக்குகிறேன். நம்மிடம் இருக்கிற செவோஃப்ளூரேன் வாயுவே போதும், அது மூச்சுக்குழாயைத் தளர்த்தும். டெஸ்ஃப்ளூரேன் அளவுக்கு வேகமில்லை. எப்போது குறைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பரத் சிரிக்கவில்லை. “நீ சொன்னா சரி” என்றார்.

ஜூன் 16, திங்கள்

விசில் இல்லை!

ஜூன் 19, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தலையையும் தோளையும் உயர்த்திப் படுக்கவைத்தேன். நைட்ரஸ் ஆக்ஸைடு சேர்க்கவே இல்லை, குடலை ஊதவைக்கும். பரத் கடைசிக் கட்டத்துக்கு வந்ததுமே செவோஃப்ளூரேனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பிறகு நிறுத்தினேன்.

“பூங்காவனம், கண்ணத் தொறங்க.”

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. யா அல்லாஹ், அந்த மூன்று நாள் —

கண் திறந்தது! கையை அழுத்தச் சொன்னேன். என் விரல் நொறுங்கிப்போகும்போல அழுத்தினார். தலையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். மூச்சு நன்றாக இருந்தது. தொண்டையிலிருந்த குழாயை எடுத்தேன்.

கரகரத்த குரலில் முதல் வார்த்தை: “இன்னா டாக்டரம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?”

பரத் முகமூடிக்குள் வெடித்துச் சிரித்தார். வெளியே தேவராஜிடம் சொன்னபோது, “பேசிச்சா? மெய்யாலுமே பேசிச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அழுதார். நானும்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கொரட்டூர் ஏரிக்கரை. ஜமீரோடு நடந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு பெண் கைவீசி வேகமாக வந்தார். கிட்ட வந்து சிரித்த பிறகுதான் பூங்காவனம் என்று தெரிந்தது. நிற்கக்கூட இல்லை. “நின்னா சூடு ஆறிப்பூடும் டாக்டரம்மா, இன்னொரு சுத்து கீது!” என்றபடி போய்விட்டார்.

கொஞ்சம் பொறுத்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி வந்தார் தேவராஜ்.

“நீங்களாவது மெதுவாப் போகச் சொல்லுங்க டாக்டர். புடிக்கவே முடியல.”

சொல்ல மாட்டேன் என்றேன்.